முன்னால் கண்டென்சர், பின்னால் ரேடியேட்டர்

காரின் முன்பக்க பம்பரைக் கழற்றிவிட்டால் உள்ளே ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு அலுமினியச் சட்டங்கள் நிற்கும். முன்னால் ஒல்லியாக நிற்பது ஏசியின் கண்டென்சர். பின்னால் சற்றுத் தடிமனாக நிற்பது என்ஜினின் ரேடியேட்டர். இரண்டிலும் வரிசை வரிசையாகக் குழாய்கள். குழாய்களுக்கு நடுவே மடித்து மடித்துச் செருகிய மெல்லிய தகடுகள். இரண்டுக்கும் வேலை சூட்டைக் காற்றில் விடுவதுதான். பெரும்பாலான கார்களில் இரண்டுக்கும் ஒரே விசிறிதான் காற்று இழுக்கிறது. முன்னால் போகிற லாரியில் மோதினால் இரண்டும் சேர்ந்தே நசுங்கும்.

இதே இரண்டும் வெளிநாட்டிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கும்போது பிரிந்துவிடுகின்றன. ரேடியேட்டர் 8708 என்ற எண்ணுக்குப் போகிறது. அது மோட்டார் வாகன உதிரிபாகங்களின் எண். கண்டென்சர் வழக்கமாக 8415 என்ற எண்ணுக்குப் போகிறது. அது ஏசி இயந்திரங்களுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் உரியது. எண் மாறினால் சுங்கவரி விகிதம் மாறலாம், வெளிநாட்டு ஒப்பந்தச் சலுகை மாறலாம், கடைசியில் நம் கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை ஒர்க்‌ஷாப்பில் நீங்கள் கொடுக்கும் பில்லும் மாறலாம். கார் இல்லாமல் இந்தக் கண்டென்சரால் ஒரு பயனும் இல்லை. பிறகு ஏன் அது கார் பாகம் ஆகவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், உலகத்தில் விற்கப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் மனிதர்கள் எப்படி ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

முதலில் அந்த எண். தங்கவயலில் உள்ள நம் கோரமண்டலின் அஞ்சல் குறியீட்டு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கமான 5 நாட்டின் எந்த மண்டலம் என்று சொல்லும். முதல் மூன்றையும் சேர்த்து 563 என்று படித்தால் கோலார் பக்கம் வந்துவிடும். அடுத்த மூன்றும் தபால் நிலையத்தையே காட்டிவிடும். சுங்க எண்ணும் இப்படித்தான் இடமிருந்து வலமாகக் குறுகிக்கொண்டே வருகிறது. 84 என்றால் இயந்திரங்களின் அத்தியாயம். 8415 என்றால் அதற்குள் ஏசி இயந்திரங்கள். இந்த நான்கு இலக்கத்தைத் 'தலைப்பு' என்று சொல்லலாம். 8415 20 என்றால் மோட்டார் வாகனங்களில் மனிதர்களுக்காகப் பொருத்தப்படும் ஏசி. இந்த ஆறு இலக்கம் 'உபதலைப்பு'. இந்த ஆறும் உலகம் முழுக்க ஒன்றே. அதற்குப் பின்னால் இந்தியா தன் தேவைக்கு இரண்டு இலக்கம் சேர்த்துக்கொள்கிறது. 8415 20 10 என்றால் பேருந்து ஏசி, 8415 20 90 என்றால் மற்றவை.

இந்த ஏற்பாட்டின் பெயர் ஒத்திசைவு முறை. பிரஸ்ஸல்ஸில் உள்ள உலகச் சுங்க அமைப்பு அதைப் பராமரிக்கிறது. 1983-இல் உடன்படிக்கை கையெழுத்தானது, 1988 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதற்கு முன்பே 1986-இல் தன் 1975-ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணையை இந்த முறைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. மொத்தம் 21 பிரிவுகள், 97 அத்தியாயங்கள். உயிருள்ள குதிரையில் தொடங்கிப் பழங்காலக் கலைப்பொருள் வரை எல்லாம் இதற்குள் அடக்கம். அத்தியாயங்களின் வரிசையிலேயே ஓர் ஒழுங்கு உண்டு. இயற்கையாகக் கிடைப்பவை முன்னால், மனிதன் கைபட்டுச் சிக்கலானவை பின்னால். ரப்பர் 40-ஆவது அத்தியாயம், இரும்பு 72, இயந்திரம் 84, மின்சாதனம் 85, மோட்டார் வாகனம் 87, அளவைக் கருவிகள் 90.

எந்தப் பொருளை எங்கே வைப்பது என்பதற்கு ஆறு பொது விதிகள் இருக்கின்றன. முதல் விதியே நம்மைத் தலையில் தட்டி உட்கார வைக்கும். அத்தியாயங்களுக்கும் பிரிவுகளுக்கும் மேலே எழுதியிருக்கும் பெயர்கள் தேடுவதற்கு வசதியாக மட்டுமே. அவற்றுக்குச் சட்ட பலம் கிடையாது. சட்ட பலம் உள்ளவை இரண்டு: தலைப்பின் வாசகம், பிரிவுக்கும் அத்தியாயத்துக்கும் முன்னால் அச்சிட்டிருக்கும் 'குறிப்புகள்'. பலரும் அந்தக் குறிப்புகளைப் புரட்டாமல் நேரே எண்ணைத் தேடுவார்கள். பெரும்பாலான வழக்குகள் அங்கேதான் பிறக்கின்றன என்பது என் எண்ணம்.

நம் கேள்விக்கு விடை அப்படி ஒரு குறிப்பில்தான் இருக்கிறது. 86 முதல் 89 வரையிலான வாகன அத்தியாயங்கள் சேர்ந்தது 17-ஆவது பிரிவு. அதன் இரண்டாம் குறிப்பு ஒரு பட்டியலைச் சொல்கிறது. பட்டியலில் இருக்கும் பொருள்கள் வாகனத்துக்காகவே செய்யப்பட்டவை என்று பார்த்தவுடன் தெரிந்தாலும் அவற்றை வாகன உதிரிபாகம் என்று கொள்ளக்கூடாது. திருகாணி முதலான பொது உபயோகப் பொருள்கள் அந்தப் பட்டியலில் உண்டு. 85-ஆவது அத்தியாயத்து மின்சாதனங்கள் உண்டு. 90-ஆவது அத்தியாயத்து அளவைக் கருவிகள் உண்டு. கூடவே 8401 முதல் 8479 வரையிலான இயந்திரங்களும் அவற்றின் பாகங்களும் உண்டு. ஏசி 8415. ஆகவே கார் ஏசியும் அதன் கண்டென்சரும் வாகன அத்தியாயத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டன.

அப்படியானால் ரேடியேட்டரும் வெப்பத்தை மாற்றும் கருவிதானே, அது எப்படி உள்ளே போனது? அதே குறிப்பில் சில சொற்களே உள்ள ஒரு விதிவிலக்கு இருக்கிறது: இந்தப் பிரிவின் வாகனங்களுக்கான ரேடியேட்டர்கள் நீங்கலாக. 8708-க்குள் அதற்கென்று 8708 91 என்று தனி உபதலைப்பும் கொடுத்துவிட்டார்கள். பம்பருக்குப் பின்னால் உரசிக்கொண்டு நிற்கும் இரண்டு சட்டங்களுக்கும் நடுவே எல்லைக்கோடு போட்டது அந்தச் சின்ன விதிவிலக்குதான்.

இதன் அடியில் ஒரு நியாயம் இருக்கிறது. ரேடியேட்டர் இல்லாமல் என்ஜின் சில நிமிடங்களில் கொதித்து நின்றுவிடும்; ஓடுவதற்கே அது வேண்டும். ஏசி அப்படியல்ல. அது தனியாக ஓர் இயந்திரம். வீட்டில் இருக்கலாம், ரயிலில் இருக்கலாம், காரிலும் இருக்கலாம். எங்கே குடியிருந்தாலும் அது ஏசிதான். அந்தப் பொருளை அதுவாகவே பார், எங்கே பொருத்தப்படுகிறது என்பதைப் பிறகு பார் என்று இந்த முறை திரும்பத் திரும்பச் சொல்கிறது.

சரி, ஏசி என்றால் என்ன? 8415-இன் வாசகம் அதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. மோட்டாரால் சுழலும் விசிறி இருக்க வேண்டும். காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் மாற்றும் உறுப்புகள் இருக்க வேண்டும். இரண்டும் மாற வேண்டும் என்பதைக் கவனியுங்கள். வெறும் மின்விசிறி எதையும் மாற்றாமல் காற்றைத் தள்ளுகிறது, அது 8414. கோடையில் நாம் தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர்கூலர் ஈரத்தை ஏற்றித்தான் குளிர்விக்கிறது. அதற்கு 8479-இல் தனி இடம் இருக்கிறது. கார் ஏசி ஈரத்தை இறக்குகிறதா என்று எப்படித் தெரியும்? ஏசி போட்டுச் சற்று நேரம் நிறுத்தி வைத்த காரின் கீழே குனிந்து பாருங்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். பதறி மெக்கானிக்கிடம் ஓடுகிறவர்கள் உண்டு. அது ஒழுக்கல்ல. டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் காற்றிலிருந்த ஈரம் படிந்து நீராகி வெளியேறுகிறது. 8415-இன் இலக்கணத்துக்கு அதைவிட எளிய சாட்சி வேண்டியதில்லை.

அந்தக் கூலிங் காயிலுக்கு ஆவியாக்கி என்று பெயர் வைக்கலாம். வாயுவாகும் திரவம் அங்கேதான் காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சுகிறது. அமுக்கி, அதாவது கம்ப்ரஸர், அந்த வாயுவை அழுத்திச் சூடாக்கி முன்பக்கம் தள்ளுகிறது. கண்டென்சர் அந்தச் சூட்டை வெளியே விட்டு வாயுவைத் திரவமாக்குகிறது. விரிவு வால்வு அந்தத் திரவத்தைக் குறுகிய துளை வழியே விட்டு அழுத்தத்தைக் குறைத்து மறுபடி காயிலுக்கு அனுப்புகிறது. நடுவில் ஒரு சின்ன டிரையர் ஈரத்தையும் தூசியையும் பிடித்துக்கொள்கிறது. இவ்வளவுதான் கார் ஏசி.

இப்போது இதை அக்கு அக்காகக் கழற்றித் தனித்தனிப் பெட்டிகளில் இறக்குமதி செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். இயந்திரங்களுக்கான 16-ஆவது பிரிவின் குறிப்பு சொல்லும் வரிசை இது: ஒரு பாகத்துக்குத் தனக்கென்று ஒரு தலைப்பு இருந்தால், எந்த இயந்திரத்துக்குப் போவதாக இருந்தாலும் அந்தத் தலைப்புக்கே போக வேண்டும். அப்படி இல்லாதபோதுதான் அது எந்த இயந்திரத்தில் மட்டுமாகவோ முக்கியமாகவோ பயன்படுகிறது என்று பார்த்து அந்த இயந்திரத்தோடு சேர்க்க வேண்டும். கம்ப்ரஸருக்கு 8414-இல் இடம் இருக்கிறது. அது அங்கே போகிறது. அதன் முனையில் இருக்கும் மின்காந்தக் கிளட்ச் தனியாக வந்தால் 8505. விரிவு வால்வு வால்வுகளோடு சேர்ந்து 8481. டிரையர் வடிகட்டிகளோடு 8421. தெர்மோஸ்டாட் 9032. ரப்பர் ஹோஸ் 4009, பெல்ட் 4010, இரும்புத் திருகாணி 7318. உள்ளே அடிக்கும் காஸ் 2903. இப்படித் தனக்கென்று தலைப்பு கிடைக்காத கண்டென்சரும் ஆவியாக்கியும் கடைசியில் ஏசியின் பாகங்களுக்கான 8415 90-இல் வந்து நிற்கின்றன. இதே சாமான்கள் முழுவதும் ஒரே சரக்காக, கழற்றிய நிலையில் வந்தால் கதை வேறு. இரண்டாம் பொது விதிப்படி கழற்றி வந்த முழுப் பொருளும் முழுப் பொருளே. அது 8415 20.

கண்டென்சரா ரேடியேட்டரா என்று பெட்டியைத் திறக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அலுவலகத்தில் அமர்ந்து பார்ப்பவருக்குத் தயாரிப்பாளரின் வரைபடமும் கேட்லாகும் போதும். நேரில் பார்ப்பவருக்குப் பொருளே சொல்லிவிடும். ரேடியேட்டரின் இரு ஓரங்களிலும் பெரும்பாலும் கறுப்பு நைலான் தொட்டிகள் இருக்கும். தடித்த ரப்பர் ஹோஸ் மாட்டுவதற்கு அகலமான வாய் இருக்கும். அதற்குள் ஓடுவது தண்ணீரும் கூலண்டும். அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய ஒரு மடங்கு கூடுதல், அவ்வளவுதான். கண்டென்சரில் பிளாஸ்டிக் தொட்டிக்கு வழியே இல்லை. அதற்குள் வாயு வளிமண்டல அழுத்தத்தைப்போல் 10 முதல் 20 மடங்கு அழுத்தத்தில் பாய்கிறது. ஆகையால் முழுக்க அலுமினியத்தால் செய்து பற்றவைத்திருப்பார்கள். விரல் தடிமன் துளைகள், நட்டுப் போட்டு இறுக்கும் இணைப்புகள், பக்கவாட்டில் பல மாடல்களில் ஒட்டியே நிற்கும் டிரையர் உருளை. குழாயின் குறுக்குவெட்டைப் பார்த்தால் உள்ளே நுண்ணிய தடுப்புச் சுவர்கள் தெரியும். அழுத்தத்தைத் தாங்க அவை வேண்டும். உள்ளே என்ன ஓடுகிறது, எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்பதே இரண்டின் உடலையும் தீர்மானித்திருக்கிறது.

குறிப்புகளும் வாசகமும் போதாத இடத்தில் உலகச் சுங்க அமைப்பு வெளியிடும் விளக்கக் குறிப்புகளைப் பார்ப்பார்கள். நம் உச்ச நீதிமன்றம் அவற்றைப் பாதுகாப்பான வழிகாட்டி என்று பல தீர்ப்புகளில் ஏற்றிருக்கிறது. உதாரணமாக, வீட்டு ஸ்பிளிட் ஏசியின் உள்யூனிட்டும் வெளியூனிட்டும் தனித்தனியே வந்தால் முழு ஏசி ஆகாது, பாகமே என்று விளக்கக் குறிப்பு சொல்கிறது. டாஷ்போர்டுக்குள் போகும் கார் ஏசிப் பெட்டி, கம்ப்ரஸரும் கண்டென்சரும் இல்லாமல் தனியாக வரும்போது இந்த ஒப்புமையைத்தான் பலர் பிடித்துக்கொள்கிறார்கள்.

நீதிமன்றங்களும் ஒரே நேர்கோட்டில் போய்விடவில்லை. 2020 மே 1 அன்று யூனி புராடக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கார் தரைவிரிப்புகளைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. குறிப்பிட்ட மாடல் காருக்கென்றே வெட்டிச் செய்த விரிப்பாக இருந்தாலும் அது ஜவுளி விரிப்பே. 5703-க்குப் போகும், 8708-க்கு அல்ல. 2021 மார்ச் 8 அன்று வெஸ்டிங்ஹவுஸ் சாக்ஸ்பி ஃபார்மர் வழக்கில், ரயில்வே சிக்னலுக்காக மட்டுமே செய்த மின் ரிலேக்கள் ரயில்வே சாதனங்களின் 8608-க்கே உரியவை என்று அதே நீதிமன்றம் சொன்னது. வருவாய்த் துறை அவற்றை மின்சாதனங்களின் 8536-இல் வைத்திருந்தது. மின்சாதனங்களை விலக்கும் 17-ஆவது பிரிவின் குறிப்பைவிட, எங்கே மட்டுமாகவோ முக்கியமாகவோ பயன்படுகிறது என்ற சோதனைக்கு அங்கே அதிக எடை கிடைத்தது. உடனே வாகன உதிரிபாக இறக்குமதியாளர்களும் அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 2022 ஜனவரியில் மத்திய மறைமுக வரி வாரியம் தன் அதிகாரிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. ஒரே தீர்ப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா வாகன பாகத்துக்கும் பொருத்தாமல் பொருளின் தன்மை, குறிப்புகள், மற்றத் தீர்ப்புகள் எல்லாவற்றையும் பார்த்து முடிவெடுக்கச் சொன்னது அது. என் பார்வையில் விரிப்புத் தீர்ப்புதான் இந்த முறையின் இயல்புக்கு நெருக்கமானது.

8415 20-இன் வாசகத்தில் இன்னொரு சொல் இருக்கிறது: மனிதர்களுக்காக. இந்தச் சொல்லின் கனம் நம் மாவட்டத்துச் சாலைகளிலேயே தெரியும். கோலாரிலிருந்து பால் ஏற்றிப் போகும் குளிர்சாதன வண்டியில் இரண்டு குளிரூட்டல்கள் இருக்கலாம். டிரைவர் உட்காரும் கேபினுக்கு ஒன்று, பின்னால் சரக்குப் பெட்டிக்கு ஒன்று. இரண்டிலும் கம்ப்ரஸர், கண்டென்சர், வால்வு, காயில் எல்லாம் அதே கதைதான். கேபினுக்கானது 8415. பாலுக்கானது குளிர்பதனச் சாதனங்களின் 8418. யாருக்காகக் குளிர்விக்கிறது என்பதைக் கேட்டுத்தான் எண் முடிவாகிறது.

மனிதர்களுக்காகக் குளிர்விப்பது தங்கவயலுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய பாடமில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அடியில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பாமல் மனிதர்கள் அங்கே வேலை செய்திருக்க முடியாது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று குளிர்ந்த கேபின் தேவைப்படும் பெரிய இயந்திரங்கள் இங்கே பெமல் ஆலையில் உருவாகின்றன. 1964-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் கே.ஜி.எஃப். பிரிவில் புல்டோசர்களும் எக்ஸ்கவேட்டர்களும் செய்யப்படுகின்றன. ஒரு புல்டோசரின் கேபினுக்கு ஏசி இறக்குமதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். புல்டோசரின் எண் 8429. அதன் பாகங்களுக்கு 8431. ஆனால் ஏசிக்குத் தனக்கென்று தலைப்பு இருப்பதால் 8431 அடிபட்டுப் போகிறது, 8415 உறுதி. அதற்குள் 8415 20-ஆ, பொது வகை ஏசிகளின் வேறு உபதலைப்பா? முக்கியமாகப் பயணிகள் வாகனங்களுக்காகச் செய்தாலும் வேறு வகை மோட்டார் வாகனங்களின் கேபினிலும் பொருத்தக்கூடிய ஏசிகள் 8415 20-இல் அடங்கும் என்று விளக்கக் குறிப்பு சொல்கிறது. புல்டோசரை மோட்டார் வாகனம் என்று சொல்லலாமா என்பதில்தான் வாதம் நிற்கும். சங்கிலிப் பட்டையில் நகர்ந்து மண் தள்ளும் அந்த இயந்திரத்தை அட்டவணையே வாகன அத்தியாயத்தில் வைக்கவில்லையே என்பார் ஒருவர். மனிதர் உட்கார்ந்து ஓட்டும் கேபின்தானே முக்கியம் என்பார் மற்றவர். கூடவே இன்னொன்று: 17-ஆவது பிரிவின் ரேடியேட்டர் விதிவிலக்கு அந்தப் பிரிவின் வாகனங்களுக்கு மட்டுமே. புல்டோசரின் ரேடியேட்டர் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

இதைவிடச் சிக்கலானது இப்போது கார் ஆலைகளுக்கு வரும் முன்பக்கத் தொகுதி. ரேடியேட்டர், கண்டென்சர், விசிறி மூன்றையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒன்றாகவே அனுப்புகிறார்கள். நாம் இத்தனை நேரம் பிரித்து வைத்த இருவரும் இங்கே ஒரே பொருளாகிவிட்டார்கள். மூன்றாம் பொது விதி அதற்காகவே எழுதப்பட்டது. முதலில், குறிப்பாகச் சொல்லும் தலைப்பு எது என்று பார். முடியாவிட்டால், அந்தத் தொகுதிக்கு அதன் சாரமான தன்மையைக் கொடுப்பது எது என்று பார். எடை, விலை, வேலையின் முக்கியத்துவம் எல்லாம் இங்கே கணக்கு. அதுவும் முடியாவிட்டால், போட்டியிடும் தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவதை எடு. 8415-க்கும் 8708-க்கும் நடுவே அப்படிப் பார்த்தால் 8708 ஜெயிக்கும்.

மின்சாரக் காரில் கேள்வி இன்னும் ஆழமாகிறது. பல மின்சாரக் கார்களில் ஏசியின் அதே காஸ் சுற்று, சில்லர் என்ற சிறிய வெப்பமாற்றியின் வழியாக பேட்டரியையும் குளிர்விக்கிறது. பேட்டரி மனிதரல்ல. ஆள் இல்லாத காரைச் சார்ஜ் போடும்போதுகூடக் கம்ப்ரஸர் ஓடலாம். மனிதர்களுக்காக என்ற சொல்லோடு இது எப்படிப் பொருந்தும், அந்தச் சில்லர் ஏசியின் பாகமா, தனி வெப்பமாற்றியா என்பதில் வருகிற ஆண்டுகளில் நிறைய வாதம் நடக்கப் போகிறது.

எண்கள் வரிக்கு மட்டும் பயன்படுவதில்லை என்பதற்குக் காஸ் நல்ல சாட்சி. முன்பு கார்களில் ஆர்-12 என்ற குளோரோஃபுளோரோகார்பன் இருந்தது. ஓசோன் படலத்தை அது அரித்ததால் 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியால் நெறிமுறை அதை வெளியேற்றியது. பதிலாக வந்தது ஆர்-134ஏ. ஓசோனுக்கு அது தீங்கு செய்வதில்லை. ஆனால் கரியமில வாயுவைவிட 1,400 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2016-இல் கிகாலி நகரில் சேர்த்த திருத்தம் இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது; இந்தியாவும் 2021-இல் அதை ஏற்றது. குறைக்க வேண்டுமென்றால் முதலில் எந்த நாட்டுக்குள் எவ்வளவு போகிறது என்று எண்ண வேண்டும். பழைய அட்டவணையில் இவற்றுக்குத் தனித்தனி எண் இல்லை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஆர்-134ஏ போன்றவற்றுக்குத் தனி உபதலைப்புகள் பிறந்தன; அதன் இடம் இப்போது 2903 45. சிலிண்டருக்குள் இருப்பது உண்மையிலேயே அதுதானா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வால்வில் இணைத்தால் காஸின் வகையைக் காட்டும் கையடக்கக் கருவிகள் உண்டு. சந்தேகம் இருந்தால் மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போகும். சென்னைச் சுங்க மாளிகைக்கே சொந்த ஆய்வுக்கூடம் இருக்கிறது.

வரிக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2018 செப்டம்பர் 27 முதல் ஏசிகளின் அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதத்திலிருந்து 20 ஆனது. அதே நாளில் ஏசிக் கம்ப்ரஸரின் வரி 7.5-லிருந்து 10 ஆனது. 2021 பட்ஜெட்டில் அது 15-க்குப் போனது. அதே 2018-இன் பட்ஜெட்டில் குறிப்பிட்ட பல வாகன உதிரிபாகங்களின் வரி 15 சதவீதமாக உயர்ந்திருந்தது. முழு ஏசி, கம்ப்ரஸர், வாகன பாகம் மூன்றும் வேறு வேறு காலத்தில் வேறு வேறு அளவில் ஏறியதைப் பார்த்தால் ஏன் எல்லோரும் எண்ணுக்காகச் சண்டை போடுகிறார்கள் என்பது புரியும். கொரியா, ஜப்பான், ஆசியான் நாடுகளுடன் உள்ள வணிக ஒப்பந்தங்கள் இதில் இன்னொரு முடிச்சைப் போடுகின்றன. அங்கே சலுகை பெற, பொருள் அந்த நாட்டில்தான் உருவானது என்று காட்ட வேண்டும். வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் எண்ணும் செய்து முடித்த பொருளின் எண்ணும் வேறாக இருக்கிறதா என்பது அதற்குப் பொதுவான சோதனைகளில் ஒன்று.

யார் இந்த எண்ணை முதலில் எழுதுகிறார்? இறக்குமதியாளரேதான். 2011 முதல் சுயமதிப்பீடு நடைமுறையில் இருக்கிறது. சரக்கு இறங்கும்போது அவர் இணையத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் பத்திரத்தில் எண்ணையும் வரியையும் அவரே குறிப்பிட வேண்டும். மாரிக்குப்பத்திலிருந்து கோரமண்டல் வழியாகக் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒயிட்ஃபீல்டைத் தாண்டித்தான் போகிறார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து ரயிலில் வரும் கன்டெய்னர்கள் இறங்கும் உள்நாட்டுக் கன்டெய்னர் கிடங்கு அங்கேதான் இருக்கிறது. அந்தக் கன்டெய்னருக்குள் இருக்கும் கண்டென்சரின் பத்திரத்தை ஒயிட்ஃபீல்டு அதிகாரியே பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இன்று இல்லை. முகமறியா மதிப்பீடு என்ற முறையில் வேறு ஊர் அதிகாரியின் கணினிக்கு அது போகலாம். 2020 ஜூன் 8 அன்று இந்த முறை பெங்களூரிலும் சென்னையிலும்தான் முதலில் தொடங்கியது, அதுவும் 84, 85-ஆவது அத்தியாயப் பொருள்களுக்கு. ஊருக்கு ஓர் எண் என்றிருந்த நிலை இதனால் குறையும் என்பது நோக்கம்.

எண் தவறாகப் போனால் வரி பாக்கி என்று இரண்டு ஆண்டு வரை நோட்டீஸ் வரலாம். வேண்டுமென்றே மறைத்தார் என்று துறை கருதினால் ஐந்து ஆண்டு வரை. வகைப்பாட்டு வழக்கு சுங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு மேல் உயர் நீதிமன்றத்துக்குப் போகாது. நேரே உச்ச நீதிமன்றம்தான். பெரிய கார் கம்பெனிக்கு வக்கீல் இருப்பார். பெங்களூரில் சின்னக் கடை வைத்து ஏசிப் பாகம் தருவிக்கும் நம் ஊர்ப் பையனுக்கு ஒரு நோட்டீஸே கடையை மூட வைத்துவிடும். அவனுக்கு ஒரு வழி இருக்கிறது. அதிகம் பேர் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் வருத்தம். சரக்கு வருவதற்கு முன்பே, மும்பையிலோ டெல்லியிலோ உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் எண்ணைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10,000 ரூபாய். மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். கிடைக்கும் தீர்ப்பு, சட்டமோ விவரமோ மாறாதவரை, மூன்று ஆண்டுகளுக்கு விண்ணப்பித்தவரையும் துறையையும் கட்டும். விண்ணப்பத்தோடு வரைபடத்தை வையுங்கள். உள்ளே என்ன ஓடுகிறது, எவ்வளவு அழுத்தம், யாருக்காகக் குளிர்விக்கிறது என்று தெளிவாக எழுதுங்கள். பத்திரத்தில் 'கார் ஸ்பேர்' என்று மொட்டையாக எழுதாமல் 'கார் ஏசி கண்டென்சர், அலுமினியம், ஆர்-134ஏ காஸுக்கானது' என்று எழுதுங்கள்.